கமிஷனா, கட்டணமா? – நிதி ஆலோசகர் என்ற வேலை உருவான கதை



பி.காம் கடைசி வருடம் படிக்கிற யார் கண்ணிலும் 'ஃபைனான்ஷியல் அட்வைசர் தேவை' என்ற விளம்பரம் படாமல் இருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனியும் அந்தப் பெயரில் ஆள் எடுக்கிறது, வங்கியும் எடுக்கிறது, பங்குத் தரகு நிறுவனமும் எடுக்கிறது. போய் விசாரித்தால் ஒவ்வொரு இடத்திலும் வேலை வேறு, படிப்புத் தகுதி வேறு, சம்பளம் வரும் வழியும் வேறு. ஒரே பெயருக்குள் எப்படி இத்தனை வேலைகள் வந்தன? என் வகுப்பில் பாதிப் பேர் இந்தப் பக்கம் போவதைப் பற்றி யோசிப்பதால், கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்த விடை எளிமையானது. இந்தத் தொழிலின் வரலாறு முழுக்க ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது: ஆலோசனை சொல்பவருக்குப் பணம் கொடுப்பது யார்? பொருளை விற்கும் கம்பெனியா, ஆலோசனை கேட்கும் வாடிக்கையாளரா? இந்தக் கேள்விக்குச் சட்டம் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பதில் சொன்னது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புது வேலை பிறந்தது. பழைய வேலைகளும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

ஆலோசகர் இல்லாத காலம்

நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் நம் பக்கத்தில் சேமிப்பு என்றால் நகை, நிலம், சீட்டு. கொஞ்சம் படித்த, சம்பளம் வாங்கும் கூட்டம் சென்னையில் உருவானபோது நிதி என்ற அமைப்புகள் வந்தன. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872ல் தொடங்கியது. இப்படிப்பட்ட நிதிகளில் உறுப்பினர்களே பணம் போடுவார்கள், உறுப்பினர்களே கடன் வாங்குவார்கள். பக்கத்துத் தெருக்காரர் நடத்துவதால் ஆலோசகர் என்று தனியாக ஒருவர் தேவைப்படவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் நம்பிக்கை.

முகத்தைப் பார்த்து நம்புவதில் இருக்கும் ஆபத்து 1906ல் தெரிந்தது. அந்த அக்டோபரில் சென்னையின் பெரிய ஆங்கிலேய நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி திவாலானது. ஓய்வு பெற்ற அதிகாரிகள், வக்கீல்கள், சின்ன வியாபாரிகள் என்று பலருடைய டெபாசிட் அதில் இருந்தது. பெரிய பெயர், வெள்ளைக்காரக் கம்பெனி, நல்ல வட்டி. இதைத் தாண்டி யாரும் கணக்கு கேட்கவில்லை. நிறுவனத்தை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முயன்று 1907ல் இந்தியன் வங்கி பிறந்தது இந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான்.

வங்கி பிறந்தது. ஆனால் 'எங்கே போடலாம்' என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு ஆள் இன்னும் பிறக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

முதல் ஆள்: இன்சூரன்ஸ் ஏஜென்ட்

இந்தியாவின் முதல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1818ல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியன்டல். அது பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்கானது. 1871ல் வந்த பம்பாய் மியூச்சுவல், இந்தியர்களின் உயிருக்கும் அதே பிரீமியம்தான் என்று ஏற்றுக்கொண்டது. (அதற்கு முன்னால் இந்திய உயிருக்குக் கூடுதல் பிரீமியம் வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.) சுதேசி இயக்கம் சூடாக இருந்த 1906ல் சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்கியது.

ஆயுள் காப்பீட்டுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அரிசி வேண்டும் என்றால் நாமே கடைக்குப் போவோம். 'நான் செத்தால் குடும்பத்துக்குப் பணம் வேண்டும்' என்று யாரும் தானாகக் கடை தேடிப் போவதில்லை. யாராவது வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, சங்கடமான பேச்சை ஆரம்பித்து, நாலு முறை நடந்து, கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நடைக்குக் கூலிதான் கமிஷன். பாலிசி விற்றால்தான் கூலி. விற்காத நாளில் பேசிய பேச்சுக்கு ஒன்றும் கிடையாது.

ஆலோசனை இலவசம், பொருளுக்குள் அதன் விலை ஒளிந்திருக்கிறது என்ற ஏற்பாடு இங்கேதான் வேர் விட்டது.

இதைக் கட்டுப்படுத்த 1912, 1938 என்று சட்டங்கள் வந்தன. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்துக்கு 1950ல் ஒரு திருத்தம் செய்தார்கள். ஆயுள் காப்பீட்டு ஏஜென்டுக்கு முதல் ஆண்டு பிரீமியத்தில் அதிகபட்சம் 35 சதவீதம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 7.5 சதவீதம், அதற்குப் பிறகு 5 சதவீதம் என்று வரம்பு வந்தது (புதிய கம்பெனிகளுக்கு முதல் சில ஆண்டுகள் மட்டும் கொஞ்சம் சலுகை). இந்த எண்கள் அறுபது வருடங்களுக்கும் மேல் இந்தத் தொழிலின் குணத்தைத் தீர்மானித்தன. பழைய வாடிக்கையாளரைக் கவனிப்பதைவிடப் புது ஆள் பிடிப்பதில்தான் காசு அதிகம். இதற்கு ஏஜென்டைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

அதே சட்டத்தின் 41ஆவது பிரிவு, ஏஜென்ட் தன் கமிஷனில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் 'முதல் பிரீமியத்தில் கொஞ்சம் நானே போடறேன் சார்' என்ற பேச்சைக் கேட்காத குடும்பம் நம் ஊரில் குறைவு. அபராதம் பல காலம் வெறும் 500 ரூபாயாக இருந்தது. 2015ல் அதை 10 லட்சம் வரை உயர்த்தினார்கள்.

1956: அரசாங்க ஏஜென்ட்

1950களில் தனியார் காப்பீட்டுக் கம்பெனிகள் மக்கள் பணத்தை முதலாளிகளின் சொந்தத் தொழில்களுக்குத் திருப்புவதாகப் புகார்கள் வந்தன. 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் இதைப் போட்டு உடைத்தார். 1956 ஜனவரி 19 அன்று நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் பேசி, ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். 245 நிறுவனங்கள் ஒன்றாகி, 1956 செப்டம்பர் 1 அன்று 5 கோடி ரூபாய் மூலதனத்துடன் எல்.ஐ.சி. உருவானது.

நமக்குத் தெரிந்த ஒரு அடையாளம் இதில் உண்டு. மவுண்ட் ரோட்டில் நிற்கும் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம், மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் தன் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்காகக் கட்டத் தொடங்கியது. 1954ல் விமான விபத்தில் அவர் இறந்தார், பிறகு கம்பெனியே தேசியமயமானது, 1959ல் கட்டடம் எல்.ஐ.சி. பெயரில் திறக்கப்பட்டது.

எல்.ஐ.சி. வந்ததால் முதலாளி மாறினார், கமிஷன் முறை மாறவில்லை. ஆனால் தொழிலுக்கு ஒரு ஏணி கிடைத்தது. கீழே கமிஷனில் வாழும் ஏஜென்ட். அவருக்கு மேலே, ஏஜென்டுகளைச் சேர்த்துப் பழக்கும் டெவலப்மென்ட் ஆபீசர், இவர் சம்பளக்காரர். அதற்கும் மேலே கிளை மேலாளர். சின்ன ஊர்களில் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்களுக்கு மரியாதையான ஒரு பகுதி நேர வேலையாக ஏஜென்சி மாறியது. பள்ளி ஆசிரியர் வீட்டிலும் தபால்காரர் வீட்டிலும் யாரோ ஒருவர் பெயரில் ஒரு ஏஜென்சி இருக்கும். ஊரில் 'பணம் பற்றித் தெரிந்தவர்' என்றால் அவர்தான்.

வாசலுக்கு வரும் பெண்கள்

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு பாத்திரம் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஏஜென்ட் அக்கா. 1972ல் மத்திய அரசு பெண்களுக்கு மட்டுமான ஒரு முகவர் திட்டத்தைத் தொடங்கியது. மகிளா பிரதான் க்ஷேத்ரீய பசத் யோஜனா என்று நீளமான பெயர். வேலை எளிது: மாதா மாதம் வீடு வீடாகப் போய் ஆர்.டி. பணத்தை வாங்கி, அட்டையில் எழுதி, அஞ்சலகத்தில் கட்ட வேண்டும். கட்டும் பணத்தில் 4 சதவீதம் கமிஷன்.

கவனித்துப் பார்த்தால் இவர்கள் ஒன்றையும் 'விற்பதில்லை'. ஆர்.டி.யில் யாரையும் பெரிதாக ஏமாற்ற முடியாது. வட்டி அரசு சொல்வது, எல்லோருக்கும் ஒன்று. இவர்கள் கொடுப்பது ஒழுங்கு. மாதம் தவறாமல் ஒருவர் வாசலில் வந்து நிற்பதே சேமிக்க வைக்கும். இன்றைக்கு எஸ்.ஐ.பி. என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதில் இருக்கும் ஒழுங்கை வங்கி கணினி செய்கிறது, அன்றைக்கு அந்த அக்கா செய்தார். :-)

சந்தைக்கு வழி காட்டியவர்கள்

பங்குச் சந்தை பக்கம் வேறு கதை. சென்னைப் பங்குச் சந்தை 1920ல் தொடங்கி, நின்று, 1937ல் மீண்டும் எழுந்தது. அங்கே தரகர் இருந்தார், அவருக்குக் கீழே துணைத் தரகர் இருந்தார். இவர்களுடைய வருமானம் வாங்கினாலும் விற்றாலும் கிடைக்கும் தரகு. சும்மா வைத்திருங்கள் என்று சொன்னால் வருமானம் கிடையாது.

சாதாரண மனிதரைச் சந்தைக்குள் கொண்டுவர 1964ல் யு.டி.ஐ. வந்தது. அந்த ஜூலையில் வெளியான யு.எஸ்.-64 திட்டத்தை 'அரசாங்கத்துடையது' என்ற நம்பிக்கையில் மக்கள் வாங்கினார்கள். 1987ல் பொதுத்துறை வங்கிகளுக்கும், 1993ல் தனியாருக்கும் மியூச்சுவல் ஃபண்ட் கதவு திறந்தது. முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்டான கோத்தாரி பயனியர் சென்னையைச் சேர்ந்தது. ஃபண்டுகளின் கணக்குப் புத்தகத்தைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனமும் 1988ல் சென்னையில் தொடங்கியதுதான். இந்தத் துறையின் பின்னணி வேலைகளில் நம் ஊர் பி.காம் பட்டதாரிகள் நிறையப் பேர் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஃபண்ட் வந்ததும் விநியோகஸ்தர் என்ற புது வேலை வந்தது. எல்.ஐ.சி. ஏஜென்ட், ஆர்.டி. ஏஜென்ட், துணைத் தரகர் என்று ஏற்கெனவே வீடுகளுக்குள் போய் வந்துகொண்டிருந்தவர்கள்தான் பெரும்பாலும் இதையும் எடுத்துக்கொண்டார்கள்.

நம்பிக்கை உடைந்த இரண்டு முறை

1990களில் தமிழ்நாட்டில் பைனான்ஸ் கம்பெனிகள் காளான் மாதிரி முளைத்தன. வங்கியில் கிடைப்பதைவிடப் பல மடங்கு வட்டி என்றார்கள். பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அக்கம் பக்கத்து ஏஜென்டுகள். கம்பெனிகள் வரிசையாக மூடியபோது முதலாளியைப் பிடிக்க முடியாத மக்கள் தெருமுனை ஏஜென்டைப் பிடித்தார்கள். முதலீட்டாளர்களைக் காப்பாற்ற 1997ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. மோசடிக் கம்பெனிகளின் சொத்தை முடக்கிப் பணத்தைத் திருப்பித் தர வழி செய்யும் இந்தச் சட்டத்தைத்தான் பொருளாதாரக் குற்றப்பிரிவு செய்திகளில் இன்றும் பார்க்கிறோம்.

இரண்டாவது அடி 2001 ஜூலையில். யு.எஸ்.-64ல் பணம் திருப்பித் தருவதை யு.டி.ஐ. ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. சுமார் 2 கோடி முதலீட்டாளர்கள் அதில் இருந்தார்கள். யூனிட்டின் உண்மையான மதிப்பு ஒன்று, யு.டி.ஐ. சொன்ன விலை ஒன்று என்று வருடக்கணக்கில் ஓடியிருக்கிறது. விற்றவர்களிலும் வாங்கியவர்களிலும் அதைக் கேட்டவர்கள் குறைவு.

இரண்டிலும் ஒரே பாடம். வீட்டுக்கு வந்து போன ஆளுக்கு அந்தக் கம்பெனியின் கணக்கைப் படிக்கும் கடமை இல்லை, பயிற்சி இல்லை, அதற்குக் கூலியும் இல்லை.

வங்கி மேனேஜர் விற்பனையாளர் ஆனார்

ஆர்.என். மல்ஹோத்ரா குழு 1994ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் காப்பீடு மறுபடி தனியாருக்குத் திறந்தது. ஏஜென்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி, தேர்வு என்று விதி வந்தது. வங்கிகளும் காப்பீடு விற்கலாம் என்றானதும் ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்ற புது வேலை பிறந்தது. டை கட்டிய, சம்பளம் வாங்கும், ஆனால் மாத இலக்கு உள்ள விற்பனையாளர். வங்கிக்குள் உட்கார்ந்து சொல்வதால் வாடிக்கையாளர் அதை வங்கியின் அறிவுரை என்றே எடுத்துக்கொள்வார்.

அந்தக் காலத்தின் நட்சத்திரம் யூலிப். காப்பீடும் பங்குச் சந்தையும் ஒன்றாகக் கலந்த திட்டம். சில யூலிப்களில் முதல் ஆண்டு கட்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணமாகவே போனது. 'மூன்று வருடம் கட்டினால் போதும்' என்று சொல்லி விற்றார்கள். நடுவில் விட்டவர்களுக்கு அசலே முழுதாக வரவில்லை. மோனிகா ஹலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் ஆகிய மூவர் செய்த ஆய்வு, 2004-05 முதல் 2011-12 வரை தவறான காப்பீட்டு விற்பனையால் இந்தியக் குடும்பங்கள் இழந்தது 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று மதிப்பிட்டது. இந்தத் தொழிலில் சேருகிறவர்கள் மறக்கக் கூடாத எண் இது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

நாம் காமர்ஸ் மாணவர்கள் ஆயிற்றே! ஒருவர் வருடம் 60,000 ரூபாய் சேமிக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய உச்சவரம்பான 35 சதவீதப்படி அவருக்கு ஒரு காப்பீட்டுத் திட்டம் விற்றால், ஏஜென்டுக்கு முதல் ஆண்டில் 21,000 ரூபாய் வரை கிடைக்கலாம்.

அதே ஆளை மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யில் சேர்த்து, வருடத்துக்கு 1 சதவீதம் டிரெயில் கமிஷன் என்று வைத்தால்? முதல் மாதம் 5,000, கடைசி மாதம் 60,000, சராசரி இருப்பு 32,500. விநியோகஸ்தருக்குக் கிடைப்பது 325 ரூபாய்.

21,000 எங்கே, 325 எங்கே! எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கை எந்தப் பக்கம் நீளும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல மனிதர்களைத் தேடுவது ஒரு வழி, கணக்கை மாற்றுவது இன்னொரு வழி. 2009க்குப் பிறகு சட்டம் இரண்டாவது வழியில் இறங்கியது.

2009 முதல்: கணக்கு மாறிய வருடங்கள்

அதுவரை பங்கு சார்ந்த ஃபண்டில் 10,000 ரூபாய் போட்டால் வழக்கமாக 225 ரூபாய் நுழைவுக் கட்டணமாகப் போகும், அது பெரும்பாலும் விநியோகஸ்தர் கைக்கு வரும். 2009 ஆகஸ்ட் 1 முதல் செபி இதை ஒழித்தது. அப்போது தலைவர் சி.பி. பாவே. ஆலோசனைக்குக் கூலி வேண்டுமானால் வாடிக்கையாளரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் செபி சொன்னதன் பொருள். விநியோகஸ்தர்கள் பலர் தொழிலையே விட்டார்கள். சிலர் கட்டுப்பாடு குறைந்த யூலிப் பக்கம் போனார்கள்.

2010 ஏப்ரல் 9 அன்று 14 காப்பீட்டுக் கம்பெனிகள் தன் அனுமதி இல்லாமல் யூலிப் விற்கக் கூடாது என்று செபி உத்தரவு போட்டது. காப்பீட்டு ஆணையம் எதிர்த்தது. இரண்டு அரசு அமைப்புகளும் வெளிப்படையாக மோத, ஜூன் மாதம் அவசரச் சட்டம் மூலம் அரசு யூலிப்பைக் காப்பீட்டு ஆணையத்திடமே விட்டது. ஆனால் செப்டம்பர் 1 முதல் யூலிப் கட்டணங்களுக்கு வரம்பும் ஐந்து வருடப் பூட்டும் வந்தன. சண்டையில் செபி தோற்றது, கேட்டது பாதி கிடைத்தது.

2011 டிசம்பரில் பி.பி.எஃப்., மூத்த குடிமக்கள் சேமிப்பு ஆகியவற்றுக்கான ஏஜென்ட் கமிஷனை அரசு நிறுத்தியது. நம் ஆர்.டி. அக்காக்களின் 4 சதவீதம் தப்பியது. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் இடைத்தரகர் இல்லாத டைரக்ட் திட்டம் கட்டாயமானது. அதே மாதம் செபி முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளை வெளியிட்டது. ஆலோசனைக்காக மட்டும், வாடிக்கையாளரிடம் மட்டும் கூலி வாங்கும் ஒரு தொழிலுக்கு இந்தியச் சட்டத்தில் அப்போதுதான் தனி இடம் கிடைத்தது. தற்செயலாக அதே வருடத்தில்தான் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் முதலீட்டு ஆலோசகர்களின் கமிஷனுக்குத் தடை போட்டன.

'பிளானர்' என்ற எண்ணம் அதற்கு முன்பே அமெரிக்காவிலிருந்து வந்துவிட்டது. 1969 டிசம்பரில் சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் லோரன் டன்டன் கூட்டிய சின்னக் கூட்டத்தில் அது தொடங்கியது. ஒரு பொருளை விற்பதை விட்டு, ஒரு குடும்பத்தின் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பது யோசனை. 1973ல் 42 பேர் முதல் சி.எஃப்.பி. பட்டம் பெற்றார்கள். அதில் வேடிக்கை, அங்கு கூடியவர்களில் பலர் காப்பீடும் ஃபண்டும் விற்றவர்கள். விற்பவர்கள்தான் விற்பனையின் குறையை முதலில் பார்த்தார்கள்.

இங்கே 2018ல் ஃபண்டுகளில் முன்கூட்டியே தரும் கமிஷனும் போய், டிரெயில் மட்டும் மிஞ்சியது. 2020ல் செபி இன்னும் இறுக்கியது. தனிநபர் ஒருவர் ஆலோசகராகவும் விநியோகஸ்தராகவும் இருக்க முடியாது. விநியோகஸ்தர் தன்னை 'இன்டிபென்டன்ட் ஃபைனான்ஷியல் அட்வைசர்' என்றோ 'வெல்த் அட்வைசர்' என்றோ அழைத்துக்கொள்ளவும் கூடாது. பெயரே சட்ட விஷயமாகிவிட்டது!

இன்றைக்கு நமக்கு இருக்கும் வழிகள்

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு விளம்பரத்தைப் பார்த்தால் குழப்பம் குறையும். சுருக்கமாக:

1. இன்சூரன்ஸ் ஏஜென்ட்: பத்தாவது போதும், பயிற்சியும் தேர்வும் உண்டு. கூலி கம்பெனி தரும் கமிஷன். எல்.ஐ.சி.யில் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல் ஏஜென்டுகள்.

2. டெவலப்மென்ட் ஆபீசர்: பட்டப்படிப்பு, போட்டித் தேர்வு. ஆலோசகர் இல்லை, ஏஜென்டுகளை உருவாக்குபவர்.

3. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்: என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 5-ஏ தேர்வு, ஆம்ஃபி பதிவு எண். டிரெயில் கமிஷன்தான் வருமானம். முதல் சில வருடம் வாடும், வாடிக்கையாளர் தங்கினால் பிறகு நிற்கும்.

4. வங்கி ரிலேஷன்ஷிப் மேனேஜர்: சம்பளம் உண்டு, இலக்கும் உண்டு. நேர்முகத்தில் 'இலக்கு எந்தப் பொருளில்?' என்று கேட்டுவிடுங்கள்.

5. பங்குத் தரகரின் அங்கீகரிக்கப்பட்ட நபர்: பழைய துணைத் தரகரின் இன்றைய வடிவம். துணைத் தரகர் என்ற வகையை 2019 மார்ச்சோடு செபி முடித்துவிட்டது.

6. பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்: என்.ஐ.எஸ்.எம். 10-ஏ, 10-பி தேர்வுகள், செபி பதிவு. 2020ல் முதுகலையும் ஐந்து வருட அனுபவமும் கேட்டார்கள். 2024 டிசம்பரில் தளர்த்தி, பட்டம் போதும், அனுபவம் கட்டாயமில்லை என்றார்கள். பி.காம் படித்தவர்களுக்கு இது நேரடி வழி. நிலையான கட்டணம் வாங்கினால் ஒரு குடும்பத்திடம் வருடத்துக்கு 1.51 லட்சம் வரை வாங்கலாம்.

இதில் சி.எஃப்.பி. என்பது பட்டம், உரிமம் இல்லை. மேலே சொன்ன யாரும் அதைப் படிக்கலாம். யூடியூபில் பங்கு சொல்லும் 'நிபுணர்'களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பதிவு இல்லாமல் ஆலோசனை சொல்கிறவர்களுடன் பதிவு பெற்ற நிறுவனங்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் செபி விதி போட்டுவிட்டது.

மிஞ்சியிருக்கும் கேள்வி

இவ்வளவு சட்டம் வந்தும், நாடு முழுக்கப் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் ஆயிரத்தைச் சுற்றியே இருக்கிறார்கள். 140 கோடி மக்களுக்கு ஆயிரம் பேர்! ஏன்?

காரணம் செபியின் கெடுபிடி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நூறு வருடமாக ஆலோசனை என்றால் இலவசம் என்று பழகிவிட்டோம். டாக்டருக்கு 500 ரூபாய் எடுத்து வைக்கிறோம், ஆடிட்டருக்குக் கொடுக்கிறோம், 'எந்தப் பாலிசி எடுக்கலாம்' என்று கேட்பதற்கு யாருக்கும் பத்து ரூபாய் கொடுக்க மனம் வருவதில்லை. ஏஜென்ட் வீட்டுக்கு வந்து இலவசமாகச் சொல்கிறாரே! அந்த இலவசத்தின் விலைதான் மேலே பார்த்த 21,000. கண்ணுக்குத் தெரியாமல் கொடுப்பதால் வலிப்பதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. மாதம் 500 ரூபாய் சேமிக்கும் கட்டடத் தொழிலாளி ஆலோசகருக்குக் கட்டணம் கொடுக்க முடியுமா? முடியாது. அவர் வீட்டு வாசலுக்கு இன்றும் போவது கமிஷனில் வாழும் ஏஜென்டும் ஆர்.டி. அக்காவும்தான். கமிஷனை முழுதாக ஒழித்தால் அந்த வாசலுக்குப் போக யாரும் இருக்க மாட்டார்கள். பாதி கட்டி நிறுத்திய பாலிசிக்கு நியாயமான பணம் திரும்பக் கிடைக்க 2024 அக்டோபர் 1 முதல் காப்பீட்டு ஆணையம் புது சரண்டர் விதி கொண்டுவந்தது போல, கமிஷனை வைத்துக்கொண்டே அதன் கூர்முனையை மழுக்குவதுதான் அவர்களுக்கு இப்போதைக்கு நடைமுறை வழி என்று நினைக்கிறேன்.

ஆகவே வகுப்புத் தோழர்களே, எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போங்கள். எல்லாவற்றிலும் நல்லபடி பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். சேரும்முன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என் சம்பளம் யார் பையிலிருந்து, எப்போது வருகிறது? எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தப் பதிலைச் சொல்ல முடிகிற வேலை என்றால் தைரியமாகச் சேரலாம். சொல்ல நாக்கு கூசினால் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்.

உங்கள் வீட்டில் ஏஜென்சி எடுத்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் அனுபவத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத வரலாறு அவர்களிடம்தான் இருக்கும்.